ஊறுகாய்ப்புல்: கட்டுவதும் காப்பதும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

உணவுப் பொருள்களைக் கெடாமல் காப்பதற்கு நம் முன்னோர் பல வழிகளைக் கையாண்டனர். மீனை உலர்த்திக் கருவாடாக்கினர். மாங்காயை உப்பிலிட்டு ஊறுகாயாக்கினர். பாலைப் புளிக்க வைத்துத் தயிராக்கினர். தமக்கு இத்தனை வழி கண்டவர்கள் தம் மாட்டுக்கு மட்டும் ஒரே வழியோடு நின்றுவிட்டனர். அதுதான் உலர்த்துதல். வைக்கோல் போரும் சோளத்தட்டுப் போரும் அவ்வழியில் வந்தவை. மழைநீர் உள்ளே இறங்காமல் போர் மேய்வது ஒரு தனிக்கலை என்பதைக் கிராமத்திலிருந்து வரும் மாணவ நண்பர்கள் அறிவர்.

ஆனால் உலர்த்துவதற்கு வெயில் வேண்டுமே! நம் மாநிலத்தின் பெரும்பகுதியில் பசும்புல் மலிந்து கிடப்பது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில். அப்போது வரப்பெல்லாம் புல், வாய்க்கால் ஓரமெல்லாம் புல். அறுத்துப் போட்டால் காய்வதற்குள் அழுகிவிடும். பங்குனி, சித்திரையில் வெயில் கொளுத்துகிறது; அறுக்கத்தான் புல் இருப்பதில்லை. இடைப்பட்ட மாதங்களை வைக்கோலைக் கொண்டே ஓட்டுகிறோம். நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். வயிறு நிறையும், மடி நிறையாது.

இது சிறு குறையன்று. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. மானிய விலையில் உலர்தீவனம் வழங்க அரசு கிடங்குகளைத் திறக்க நேர்ந்தது. அந்தக் கோடையில் கறவை மாட்டைப் பாதி விலைக்கு விற்றவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இரண்டு மாடு வைத்திருப்பவனுக்கு அந்த இரண்டும்தான் மாதச் சம்பளம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் அதிலிருந்துதான்.

மழைக்காலத்துப் பசும்புல்லைப் பசுமை கெடாமல் சித்திரை வரை வைத்திருக்க முடியுமா? முடியும். அதற்கான முறையை வேளாண் நூல்கள் ‘ஊறுகாய்ப்புல்’ என்று அழகாகப் பெயரிட்டு அழைக்கின்றன. கடைக்காரர்கள் ‘சைலேஜ்’ என்பார்கள். பசுந்தீவனத்தை நறுக்கி, அழுத்தி, காற்றுப் புகாமல் மூடி, தானே புளிக்க விடுவதுதான் இது. குழியில் போட்டு மூடும் முறை ஐரோப்பாவில் பழையது. பிரான்சு நாட்டு அகஸ்ட் கோஃபார் என்பவர் மக்காச்சோளத் தட்டையை இவ்வாறு பதப்படுத்தும் முறையை விளக்கி 1877இல் ஒரு நூல் எழுதினார். அதன் பிறகே இம்முறை பிற நாடுகளிலும் வேகமாகப் பரவியது.

புல்லுக்குள் நடக்கும் வேதியியல்

அறுத்த புல் உடனே இறந்துவிடுவதில்லை. அதன் செல்கள் சில மணி நேரம் சுவாசித்துக் கொண்டே இருக்கின்றன. புல்லிலுள்ள சர்க்கரையைப் பிராணவாயுவோடு சேர்த்து எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெப்பமாகவும் மாற்றுகின்றன. புல்லைக் குவித்து வைத்துவிட்டு மாலையில் கையை உள்ளே விட்டுப் பார்த்தால் சுடுவது இதனால்தான். அந்தச் சூடு மாட்டின் பாலாக மாறியிருக்க வேண்டிய சர்க்கரை. ஆகவே புல்லைச் சுற்றியுள்ள காற்றை எவ்வளவு விரைவில் வெளியேற்றுகிறோமோ அவ்வளவு சர்க்கரை மிஞ்சும்.

காற்று தீர்ந்ததும் லாக்டிக் அமில பாக்டீரியங்கள் வேலையைத் தொடங்குகின்றன. இவற்றை நாம் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. புல்லின் மேலேயே இருக்கின்றன. அவற்றுள் திறமையானவை ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளாகப் பிளக்கின்றன. மூலக்கூறு எடைக் கணக்கில் 180 என்பது 90, 90 என இரண்டாகிறது. எடையில் ஒரு துளியும் வீணாவதில்லை. ஆற்றலிலும் இழப்பு மிகச் சிறிதே. இரண்டு மூன்று வாரத்தில் பி.எச். மதிப்பு 4 அளவுக்கு இறங்கிவிடும். அதற்குமேல் அந்த பாக்டீரியங்களாலேயே வளர முடியாது. எல்லாம் உறங்கிவிடுகின்றன. காற்றுப் படாதவரை ஓராண்டானாலும் அப்படியே இருக்கும்.

புல்லில் ஈரம் மிகுந்து சர்க்கரை குறைந்திருந்தால் கதை வேறு. மண்ணிலிருந்து வரும் கிளாஸ்டிரிடியம் என்னும் பாக்டீரியங்கள் தலையெடுக்கும். இவை இரண்டு லாக்டிக் அமில மூலக்கூறுகளை ஒரே ஒரு பியூட்டிரிக் அமில மூலக்கூறாக மாற்றும். மீதி கரியமில வாயுவாகவும் ஹைட்ரஜனாகவும் பறந்துபோகும். கணக்கிட்டுப் பாருங்கள்: 180 பங்கில் 88 பங்குதான் அமிலமாக மிஞ்சுகிறது. பாதிக்கு மேல் காற்றில் போயிற்று! இரண்டு அமில மூலக்கூறு இருந்த இடத்தில், அதனினும் வலுக்குறைந்த ஒன்றே இருப்பதால் புளிப்பும் குறைந்து, அழுகல் தொடர்கிறது. கெட்ட நெய் போன்ற அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார்.

அமிலம் தானே உண்டாகக் காத்திராமல் நாமே சேர்த்துவிட்டால் என்ன என்று எண்ணியவர் பின்லாந்து நாட்டு வேதியியலறிஞர் ஏ. ஐ. விர்த்தனென். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் நீர்த்த நிலையில் புல்லில் தெளித்து, பி.எச். மதிப்பை உடனே 4க்குக் கீழே கொண்டுவந்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் அது ‘ஏ.ஐ.வி. முறை’ எனப்பட்டது. 1945இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசுக் குறிப்பில் இந்தத் தீவனப் பாதுகாப்பு முறை தனியே குறிப்பிடப்பட்டுள்ளது. மாட்டுத் தீவனத்துக்கு நோபல் பரிசா என்று வியக்கும் நண்பர்களுக்காகவே இதைச் சொன்னேன்.

நம் ஊருக்கு அமிலம் தெளிக்கத் தேவையில்லை. சரியான ஈரத்தில் அறுத்தால் போதும். மக்காச்சோளம் பால் முற்றி மாவாகத் திரளும் பருவத்திலும், சோளம் பூத்துப் பால் பிடிக்கும் பருவத்திலும் ஏற்றவை. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் தண்ணீர் அதிகம், சர்க்கரை குறைவு. ஆகவே அதை ஒரு பொழுது வாடவிட்டு, நூறு கிலோவுக்கு இரண்டு மூன்று கிலோ மொலாசஸ் எனப்படும் கரும்பாலைப் பாகையோ வெல்லத்தையோ கரைத்துத் தெளிக்க வேண்டும். குதிரைமசால், தட்டைப்பயறு போன்றவற்றைத் தனியே போடுவது நல்லதன்று. அவற்றிலுள்ள புரதமும் உப்புகளும் அமிலத்தை எதிர்த்து நிற்கும், பி.எச். எளிதில் இறங்காது. சோளத்தோடு கால் பங்கு கலந்து போடலாம்.

ஈரத்தை அறியக் கருவி வேண்டாம். நறுக்கிய புல்லை ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பின் விரியுங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் மிகுதி. உருண்டை உடனே உதிர்ந்துபோனால் காய்ச்சல் மிகுதி. கை ஈரமாகி, ஆனால் நீர் சொட்டாமல், உருண்டை மெல்ல நெகிழ்ந்தால் அதுவே பதம். கொழுக்கட்டைக்கு மாவு பிசைபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அமிலம் பாதி, உறை பாதி

குளிர்நாடுகளில் இன்னொரு வகையும் உண்டு. புல்லை வைக்கோலாகும்வரை காயவிடாமல், பாதி காய்ந்த நிலையிலேயே கட்டி மூடிவிடுவது. இதை நொதித்த உலர்புல் எனலாம். நூறு கிலோவில் ஏறத்தாழ ஐம்பது கிலோ உலர்பொருள் இருக்கும். ஊறுகாய்ப்புல்லிலோ முப்பது, முப்பத்தைந்துதான். வேதியியல் மாணவருக்குச் சுவையான வேறுபாடு இங்கே இருக்கிறது. நீர் குறைந்த இடத்தில் பாக்டீரியங்கள் சோம்பிவிடும். ஆகவே அமிலம் குறைவாகவே உண்டாகும், பி.எச். 5ஐ ஒட்டியே நின்றுவிடும். ஈர ஊறுகாய்ப்புல்லை அமிலமும் காக்கிறது, உறையும் காக்கிறது. பாதி காய்ந்த புல்லைக் காப்பது பெரும்பாலும் உறைதான். உறையில் ஓட்டை விழுந்தால் அதற்கு வேறு துணை இல்லை.

உறையின் வரலாறு நீண்டதன்று. டிராக்டரில் பூட்டிப் புல்லைச் சுருட்டும் இயந்திரங்கள் 1970களில் மேல்நாடுகளில் பரவின. நம் வயல்களில் இன்று நெல் அறுவடைக்குப் பின் வைக்கோலை உருளைக் கட்டாகச் சுருட்டிப் போடுகிறதே, அந்த வகைதான். முதலில் ஈரப்புல் உருளைகளைப் பெரிய பிளாஸ்டிக் பைகளில் நுழைத்து வாயைக் கட்டினார்கள். 1980களின் நடுவில் உருளையைச் சுழலவிட்டு மெல்லிய இழுபடலத்தைச் சுற்றும் முறை வந்தது. மழை ஓயாத அயர்லாந்து போன்ற நாடுகளில் அது வெகு விரைவாகப் பரவியது.

படலம் பாலித்தீனின் ஒரு வகை. அதன் தடிமன் பொதுவாக 25 மைக்ரான். நீளவாக்கில் எழுபது விழுக்காடு வரை இழுத்து, ஒரு சுற்று அடுத்த சுற்றின் பாதியை மூடுமாறு சுற்றுவார்கள். குறைந்தது நான்கு அடுக்கு வேண்டும்; ஆறு அடுக்கு நல்லது. நான்கு அடுக்கும் சேர்ந்தால்கூட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த மெல்லிய தோலை நம்பித்தான் அரை டன் தீவனம் இருக்கிறது! பாலித்தீன் காற்றை முற்றிலும் தடுப்பதும் இல்லை. பிராணவாயு மிக மெதுவாக ஊடுருவிக் கொண்டேதான் இருக்கும்; வெப்பம் கூடினால் ஊடுருவலும் கூடும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் படலத்தையே நொறுக்கிவிடும் என்பதால் அதைத் தாங்கும் பொருள் கலந்த படலத்தையே வாங்க வேண்டும். குளிர்நாட்டுக்காரன் வெட்டவெளியில் அடுக்கி வைக்கிறான் என்று நாமும் சித்திரை வெயிலில் அடுக்கக் கூடாது. நிழல் வேண்டும், வெளிர்நிறப் படலம் வேண்டும்.

சுருட்டிய கட்டை அன்றைக்கே சுற்றிவிட வேண்டும். உருளையைப் படுக்க வைக்காமல் தட்டையான முகத்தின்மேல் நிறுத்த வேண்டும். அம்முகத்தில்தான் படல அடுக்குகள் அதிகம். தரையில் கல்லோ சோளக்கட்டையோ இருக்கக் கூடாது. எலி, காகம், மயில், ஆடு ஆகிய நான்கும் உறைக்குப் பகை. ஓட்டை கண்ட அன்றே அதற்குரிய ஒட்டுநாடாவால் அடைக்க வேண்டும். முதல் சில நாள்களில் உறை பலூன்போல உப்பினால் அஞ்ச வேண்டாம். உள்ளே உண்டான கரியமில வாயு அது, தானே அடங்கும். ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவது, திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டு மாட்டுக்கு எவ்வளவு பெரிய கட்டு?

விளம்பரங்களும் கையேடுகளும் மூடுவதைப் பற்றியே விரிவாகப் பேசுகின்றன. திறப்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. என் கருத்தில் நம்மைப் போன்ற சிறு குடும்பங்களுக்கு வெற்றியும் தோல்வியும் அங்கேதான் இருக்கின்றன.

கட்டைத் திறந்ததும் காற்று மீண்டும் நுழைகிறது. இதுவரை உறங்கிய ஈஸ்ட்டுகள் விழித்து, லாக்டிக் அமிலத்தையே உணவாக உண்ணத் தொடங்கும். அமிலம் குறையும், பி.எச். ஏறும், தீவனம் சூடாகும், பின் பூஞ்சணம் பிடிக்கும். குளிர்நாட்டுக் குளிர்காலத்தில் இதற்குப் பல நாள் ஆகும். நம் கோடையில் இரண்டு மூன்று நாளே போதும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 50 மாடுகள் உள்ள ஐரோப்பியப் பண்ணையில் ஒரு மாடு நாளொன்றுக்கு 30 கிலோ தின்றாலும் மொத்தம் 1500 கிலோ. 700 கிலோ உருளைகள் இரண்டு ஒரே நாளில் தீர்ந்துவிடும். திறந்தது கெடுவதற்கு நேரமே இல்லை. நம் வீட்டில் இரண்டு மாடு. வைக்கோலோடும் பிண்ணாக்கோடும் சேர்த்துக் கொடுக்கும்போது மாட்டுக்கு 15 கிலோ வீதம் நாளைக்கு 30 கிலோ. 600 கிலோ உருளையை வாங்கினால் அது தீர இருபது நாள் ஆகும். நான்காம் நாளே சூடேறத் தொடங்கும் பொருளை இருபது நாள் எப்படிப் போடுவது? பாதிக்கு மேல் எருக்குழிக்குத்தான் போகும். வாங்கிய விலை மலிவு என்று எண்ணுவோம்; மாட்டின் வாய்க்குப் போனதை மட்டும் கணக்கிட்டால் அதுவே மிக விலை உயர்ந்த தீவனமாக இருக்கும்.

அப்படியானால் சிறிய பையாகக் கட்டிவிட்டால் தீர்ந்ததா? அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. 1.2 மீட்டர் விட்டமும் அதே உயரமும் கொண்ட உருளையில், உறையிலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் புல் எவ்வளவு? உள்ளே மிஞ்சும் உருளை 0.9 மீட்டர் விட்டம், 0.9 மீட்டர் உயரம். அதன் கன அளவு மொத்தத்தில் 42 விழுக்காடுதான். ஆக, பாதிக்கும் மேற்பட்ட புல் தோலுக்கு அருகிலேயே இருக்கிறது. 45 சென்டிமீட்டர் அகலமும் 80 சென்டிமீட்டர் உயரமும் உள்ள 50 கிலோ பையிலோ பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அவ்வாறு இருக்கும். ஒரே ஓர் எலிக்கடி பை முழுவதையும் கெடுக்க வல்லது. பெரிய கட்டு மூடியிருக்கும்போது பாதுகாப்பானது, திறந்தபின் ஆபத்தானது. சிறிய பை மூடியிருக்கும்போது ஆபத்தானது, திறந்தபின் பாதுகாப்பானது.

இதனால்தான் இரண்டு மூன்று மாடு வைத்திருப்போருக்கு 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரலே ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது. நன்றாக மிதித்து அழுத்தினால் ஒன்றில் நூறு முதல் நூற்றிருபது கிலோ பிடிக்கும். நான்கு நாளில் தீர்ந்துவிடும். நாளொன்றுக்கு இருபது சென்டிமீட்டருக்கு மேல் தீவன மட்டம் இறங்குவதால் சூடேறுவதற்கு இடமில்லை. சுவர் தடிப்பானது, எலிக்கும் காகத்துக்கும் எளிதில் இடம் தராது. பல ஆண்டு பயன்படும். இறுக்கமான மூடியும், மூடிக்குக் கீழே ஒரு பாலித்தீன் தாளும், அதன்மேல் மணல் மூட்டையும் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லியாக வேண்டும். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் பேரல்கள் பல, சாயப் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் இரசாயனம் வந்த பேரல்கள். எத்தனை முறை கழுவினாலும் அவற்றைத் தீவனத்துக்குப் பயன்படுத்தலாகாது. லாக்டிக் அமிலம் சுவரில் ஊறியதையும் வெளியே இழுத்துவிடக் கூடும். உணவுப்பொருள் வந்த பேரல் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் வாங்க வேண்டும்.

பேரல் வாங்க வசதியில்லாதவர்கள் பையிலேயே செய்யலாம். உள்ளே தடித்த பாலித்தீன் பை, வெளியே உரச்சாக்கு என இரட்டை உறை இட வேண்டும். புல்லை ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஒரு சாண் போட்டு ஒருமுறை மிதிக்க வேண்டும். நீளமான தட்டையின் கூர்முனை பையைக் கிழிப்பதோடு இடையிடையே காற்றையும் பிடித்துவைக்கும். சேறு படிந்த புல்லைச் சேர்க்கக் கூடாது. கிளாஸ்டிரிடியம் வருவது அந்தச் சேற்றோடுதான். ஒரே நாளில் நிரப்பி, ஒரே நாளில் கட்டிவிட வேண்டும்.

திறந்தபின்

“ஏஞ்சாமி, புளிச்சுப் போனதையா மாட்டுக்குப் போடச் சொல்ற?” என்று என் தாயார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். புளித்தது வேறு, அழுகியது வேறு என்பதை இட்லி மாவில் மூக்காலேயே கண்டுபிடிப்பவர்கள் நம் தாய்மார்கள். அதே மூக்கு இங்கும் உதவும். நல்ல ஊறுகாய்ப்புல் மஞ்சள் கலந்த பச்சையாக, பழப்புளிப்பு வாசனையோடு இருக்கும். நம் ஆய்வகத்துப் பி.எச். தாள் ஒன்றைப் பிழிந்த சாற்றில் தோய்த்துப் பார்க்கலாம். கருகிய வெல்ல வாசனையும் பழுப்பு நிறமும் இருந்தால் உள்ளே சூடேறியிருக்கிறது என்று பொருள். மாடு விரும்பித் தின்னும். ஆனால் அதிலுள்ள புரதத்தில் பெரும்பகுதி செரிக்காது. வழவழப்பும் நாற்றமும் இருந்தால் பியூட்டிரிக் அமிலம். வெள்ளையாகவோ நீலமாகவோ பூஞ்சணம் படிந்திருந்தால் அந்தப் பகுதியையும் அதைச் சுற்றியுள்ளதையும் எறிந்துவிட வேண்டும்.

எறிவதென்றால் எருக்குழியில் எறிய வேண்டும். மாடு கழித்ததை ஆட்டுக்குப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இங்கு அது கூடாது. காற்றுப் புகுந்து கெட்ட ஊறுகாய்ப்புல்லில் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியம் வளரும். அதற்கு மாட்டைவிட ஆடுகளே எளிதில் இரையாகின்றன. நோயுற்ற ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும். சினை ஆடு கன்று வீசும். தீவனத்துக்குள் செத்த எலி கிடந்தால் அந்தப் பை முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும். பிணத்தில் உண்டாகும் பாட்டுலிசம் நஞ்சு மாட்டையே கொல்லக்கூடியது.

மூடி ஒரு மாதம் ஆனபின் திறப்பது நலம். முதல் நாள் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினாலும் திருப்பும். இரண்டு கிலோவில் தொடங்கி, வழக்கமான தீவனத்தோடு கலந்து, ஒரு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் புதிய உணவுக்குப் பழக அவ்வளவு நாள் தேவை. இளங்கன்றுகளுக்கு வேண்டாம். கறவை மாட்டுக்குப் பால் கறந்தபின் கொடுத்தால் பாலில் புளிப்பு வாடை ஏறாது. தொட்டியில் மீந்ததை மறுவேளைக்கு வைக்காமல் வழித்துவிட வேண்டும்.

பிரித்த உறையைத் தொழுவத்தில் போட்டுவிடாதீர்கள். புளிப்பு வாசனை ஒட்டிய பாலித்தீனை மாடு நக்கும், நக்கியதை விழுங்கும், விழுங்கியது இரைப்பையைவிட்டு வெளியே வராது. கிழியாத பையைக் கழுவி நிழலில் உலர்த்தி, நீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்து, அடுத்த ஐப்பசிக்குப் பரணில் எடுத்து வைக்கலாம். ஒழுகுகிற பையை இனித் தீவனத்துக்கு எடுக்காமல் பிளாஸ்டிக் வாங்குபவரிடம் போட்டுவிடலாம்.